நீ கழுவிக் கொட்டிய ஈக்கள்

இன்று காலை வாஷி வீட்டில், வாழைப்பழத் தட்டை மூடியிருந்த கூடையைத் தூக்கினேன். குட்டி ஈக்கள் குப்பென்று எழும்பின. மருமகள் விரட்டச் சொன்னாள். எனக்கோ உன்மேல் கோபம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது ஆறவில்லை.

தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தோம். எண்பதுகளில் நான் மாட்டுங்காவில் பள்ளி வாத்தியார். நீ பழ ஈ ஆராய்ச்சிக்காரன். உன் புட்டிகளில் இருந்தவை பறக்காத ஈக்கள். சிறகு நன்றாக இருக்கும், தசையும் வளரும். ஏதோ ஒரு மரபணு பழுதானதால் தசை உடலின் ஓட்டோடு சரியாகப் பிடிக்காது; சுருங்கத் தொடங்கியதுமே பிய்த்துக்கொண்டுவிடும். கொடிக்கயிறு நல்ல கயிறுதான், சுவரில் ஆணி நிற்கவில்லை என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த மரபணு எது என்று கண்டுபிடிப்பதே உன் மூச்சாக இருந்தது.

ஒரு மே மாதம் ஆய்வுக்கூடத்து ஏசி நின்றது. ஈக்கள் சூட்டில் செத்துவிடும் என்று புட்டிகளையெல்லாம் பையில் போட்டு, செம்பூரில் உன் தரைத்தள அறைக்குக் கிளம்பினாய். நானும் கூட வந்தேன். லோக்கல் ரயிலில் நெரிசலுக்குப் பயந்து சுமைப்பெட்டியில் ஏறினோம். சுற்றிலும் மாம்பழக் கூடைகள். குர்லாவில் ஒரு கூடை மோதி, பஞ்சடைப்புகள் கழன்றன. உடனே அடைத்தாய். அதற்குள் மாம்பழத்தை மொய்த்த அதே இனத்து ஈக்கள் உள்ளே புகுந்திருந்தன.

அடுத்த தலைமுறை வந்ததும் பார்க்க வந்தேன். புட்டிக்குள் ஜிவ்வென்று பறந்தன.

"ஏல, பறக்குதுல! பார்ட்டி எப்ப?"

"வாய மூடுல. பறக்காததுதான் எனக்கு வேணும். வெளி ஈ கலந்துட்டு. எல்லாம் கதம்."

"ஒண்ணும் கதம் ஆகல. பழுது உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. இதுகளயே ஒண்ணோட ஒண்ணு சேத்து விடு. உன் பழைய ஈயோட பேரப்புள்ளயில பறக்காதது வரும்."

"எனக்கே பாடம் எடுக்கியாக்கும், வாத்தியாரே?"

உனக்குத் தெரியாததா? ஆனாலும் மறுநாள் புட்டிகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. கொதிநீர் ஊற்றியிருந்தாய். "அலுத்துப் போச்சுல" என்றாய். பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை. தசையைப் பிடித்து வைக்கும் புரதங்களையும் அவற்றின் மரபணுக்களையும் வேறு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஓடிவந்து சொன்னேன். "அப்படியா" என்று சாயாவை உறிஞ்சினாய். உன்னை உலுக்கலாம் போலிருந்தது.

தலைமுறை தாண்டி வரும் பண்புகளைப் பற்றி நடத்தும்போதெல்லாம் உன் ஈக்களைத்தான் பலகையில் வரைந்தேன். யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், அந்த ஈ திரும்ப வந்துச்சா?"

ஈயின் ஒரு தலைமுறைக்கு இரண்டு வாரம்கூட ஆகாது. அவ்வளவுதான் நீ பொறுத்திருக்க வேண்டியது.

"வந்திருக்கும்" என்பேன். இப்போது கேட்பதற்கு வகுப்பும் இல்லை, நீயும் இல்லை. இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.