மூன்று கோட் கப்பல் பெயிண்ட்

தெரேஸ்புரம், தூத்துக்குடி
3.3.2025

என் ஈவாவுக்கு,

மாதாவின் தயவில் நான் நலம். உன் சுகத்தையும் உன் தம்பி நேசக்குமார் வீட்டாரின் சுகத்தையும் எழுது. போன் பண்ணினால் மூன்றாம் நிமிடமே சண்டை வருகிறது, சொல்ல இருப்பதைக் காகிதத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நீ போய் ஏழு வாரம் ஆகிறது. கப்பலில் இருந்த இருபத்தாறு வருஷமும் உனக்கு எழுதினேன், அது சரி. ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் நாசரேத்துக்கு ஸ்டாம்பு ஒட்டும்போது போஸ்ட் ஆபீஸில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

வீட்டு விஷயம் ஒன்று. ஹால் சுவர் மறுபடி உப்பிவிட்டது. 2023 வெள்ளத்தில் ஏறின ஓதம் இறங்குவேனா என்கிறது. மூன்று கோட் அடித்தேனே, கப்பலின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற பெயிண்ட், அதுவே ஆப்பம் மாதிரி புடைத்து நிற்கிறது. விரலால் அழுத்தினால் தண்ணீர் வருகிறது. நாலாவது டின் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெயிண்டில் குற்றமில்லை, ஈவா. உன் தம்பி நின்று கட்டிய லட்சணம் அப்படி.

நான் கஞ்சியும் துவையலுமாகக் காலம் தள்ளுகிறேன். இரக்கம் இருந்தால் வா.

அன்புடன்,
ஜெஸ்டின் ரோச்


நாசரேத்
7.3.2025

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம். நாலாவது டின்னைத் திறந்தால் அதற்குள்ளேயே நீங்கள் குடியிருந்துகொள்ளலாம்.

சுவர் ஈரமாக இருக்கிறது என்பதற்காக நான் வீட்டைவிட்டு வரவில்லை. ஜனவரியில் அலமாரியை நகர்த்தினேன். பின்னால் நம் ஸ்டெபியின் கல்யாண ஆல்பமும் என் சான்றிதழ்களும் ஊறிக் கிடந்தன. போனால் போகட்டும். ஆனால் நீங்கள் அதை நவம்பரிலேயே பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, சுவரில் பெயிண்டைப் பூசி, அலமாரியைப் பழையபடி தள்ளிவைத்து, "எல்லாம் காஞ்சிட்டு ஏளா" என்றீர்கள். ஒரு வருஷத்தில் மூன்று தடவை இதையே சொன்னீர்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தரையிலிருந்து சுவரில் தண்ணீர் ஏறுகிறது. நீங்கள் உள்பக்கம் பெயிண்ட் அடித்து அது வெளியேறும் வழியை அடைத்தீர்கள். அது வேறு வழியில்லாமல் இன்னும் மேலே ஏறியது. இதை நான் சொன்னபோது நீங்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொரு விஷயம். இங்கே பெண்கள் விடுதி ஒன்றில் என்னை வார்டனாகக் கேட்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். மே 31க்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சுவரைச் சரி செய்யுங்கள். மே கடைசி வாரத்தில் ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

ஈவாஞ்சலின்


தெரேஸ்புரம்
20.3.2025

என் ஈவாவுக்கு,

இரண்டு வருஷம் என்று வாசித்ததும் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. அன்றைக்கே பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கொத்தனார் தேடிப் போனேன்.

விளாத்திகுளத்துக்காரர், பெயர் வன்னியபெருமாள். வந்தார், சுவரைத் தட்டினார், பெயிண்ட் டின்னைப் பார்த்தார், ஐந்து நிமிடம் சிரித்தார். "அண்ணாச்சி, கப்பலுக்குத் தண்ணி வெளியதான் நிக்கும், பெயிண்ட அடிச்சா உள்ள வராது. வீட்டுக்கு அது அடியில நின்னுல்லா ஏறுது. நீங்க ஈரத்தப் பூட்டி வச்சு வளத்திருக்கிய" என்றார். நீ சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். நீ சொன்னபோது கேட்டிருந்தால் அவர் சிரிப்பாவது மிச்சமாகியிருக்கும்.

பெயிண்ட் முழுவதையும் சுரண்டியாயிற்று. நாலடி உயரத்துக்குப் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டோம். செங்கலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சித்தாளாக வரும் ஆனி ஆறுமுகநேரி உப்பளத்தில் பத்து வருஷம் வேலை செய்தவள். அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஐயா, இது சோத்துல போடுத உப்புல்லா. அளத்து உப்பு கணக்கா கரிக்கு. வீட்டுக்கு அடியில கடலயா வச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

கொத்தனாரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். மூன்று பேரும் சுவரைச் சப்பிக்கொண்டு நின்றதை எதிர்வீட்டு விஜிலா ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள். தெரு முழுக்க இப்போது என்ன பேச்சோ.

அன்புடன்,
ஜெஸ்டின்


நாசரேத்
25.3.2025

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

மெழுகுவர்த்திக்குச் சுவர் காயாது என்றாலும் உங்களைக் கொத்தனாரிடம் அனுப்பியதற்காக உங்கள் மாதாவுக்கு நன்றி.

செங்கலில் இருக்கும் உப்பை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பரணில் நான் திருத்திய பழைய பரீட்சைத் தாள்கள் இரண்டு மூட்டை இருக்கின்றன. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாக அரைத்து, சுவரில் அரை அங்குலம் அப்புங்கள். காய்ந்ததும் உரித்துத் தூர எறியுங்கள். உப்பு கூழோடு வந்துவிடும். நான்கு தடவை செய்ய வேண்டும்.

சோற்று உப்பு அவ்வளவு எப்படி வந்தது? தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். என்ன விஷயம்?

ஈவாஞ்சலின்


தெரேஸ்புரம்
14.4.2025

என் ஈவாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் பரீட்சைத் தாள்கள் அற்புதம் செய்கின்றன. ஊறப்போடுவதற்கு முன் சிலவற்றை வாசித்துப் பார்த்தேன். 1998 காலாண்டில் ஒருவன் உப்பின் வாய்பாடு என்ன என்பதற்கு "கடல்" என்று எழுதியிருக்கிறான். நீ அரை மதிப்பெண் போட்டிருக்கிறாய். அவன் தாள்தான் மற்றதைவிட அதிகமாக உப்பை இழுக்கிறது என்று ஆனி சத்தியம் செய்கிறாள்.

வெளிப்பக்கம் சுவரோரமாக மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோம். அஸ்திவாரக் கல் ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் சந்துகளில் கலவை மாவாக உதிர்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி, புதுக் கலவை அடைத்து, தார் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இனி மற்ற செய்தி. ஹால் தரையை உடைத்துப் பார்த்தோம். தரைக்கு அடியில், பேஸ்மட்டம் முழுக்கக் கடல் மணல். கை நிறைய அள்ளினால் பாதி சிப்பி. கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத எந்த மடையன் போட்டான்?" என்று கேட்டார்.

நான்தான் போட்டேன், ஈவா.

1997 ஏப்ரல். பத்து நாளில் நான் கப்பல் ஏற வேண்டும். நிலைக்கால் நட்டு, பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உன் தம்பி, "அத்தான், ஆத்து மணல் வர ஒரு வாரம் ஆகும். ஓதம் ஏறாம இருக்க செங்கலுக்கு அடியில தார் போட்டு ஒரு கான்கிரீட் பட்டை வைக்கணும், அதுக்கும் நாள் வேணும்" என்று கெஞ்சினான். நான் கேட்கவில்லை. என் மாமாவின் லாரியை எடுத்துப்போய்க் கடற்கரையில் நானே ஆறு லோடு அள்ளி வந்தேன். பட்டை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ அப்போது ஸ்டெபியை வயிற்றில் வைத்துக்கொண்டு நாசரேத்தில் இருந்தாய். உனக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொரு லீவிலும் சுவர் பொரிந்ததைப் பார்க்கும்போது, உன் தம்பி கட்டிய லட்சணம் என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். அவன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கொத்தனாரிடமும் ஆனியிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இந்தக் கடிதத்தை நேசக்குமாரிடம் சத்தமாக வாசித்துக் காட்டு.

ஜெஸ்டின்


நாசரேத்
19.4.2025

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முன்னாலும்.

தம்பி சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான். பிறகு, "அத்தான் ஆறு லோடுன்னா எழுதியிருக்காரு? ஏழு. ஏழாவது லோடு தெருமுனையில கவுந்துட்டு, நானும் அவருமா கடவப் பெட்டியில அள்ளுனோம்" என்றான். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "கப்பல்ல ஒத்தையா இருக்குத மனுசன். வீட்டப் பத்தி நல்லதா நெனச்சிட்டுப் போட்டுமேன்னு விட்டேன்" என்றான். எனக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது. பத்து நிமிடம் யாரும் சாப்பிடவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. அவன்மேலும் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் இருந்த கோபம் வேறு, இது வேறு.

தம்பி திங்கட்கிழமை அங்கே வருகிறான். அந்தக் கான்கிரீட் பட்டையை இந்தத் தடவை தானே நின்று போடப்போகிறானாம். அவனுக்குக் கஞ்சியும் துவையலும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

ஈவாஞ்சலின்


தெரேஸ்புரம்
10.5.2025

என் ஈவாவுக்கு,

உன் தம்பி பத்தொன்பது நாள் இருந்தான். நேற்றுதான் பஸ் ஏற்றிவிட்டேன். தினமும் மீன் சமைத்துப் போட்டேன், கேட்டுப் பார். முதல் நாள் அவன் வாசலில் நின்றபோது போய் அவன் பையை வாங்கிக்கொண்டேன். அவனோ, "எங்க அத்தான், மம்பட்டி?" என்று உள்ளே நடந்தான்.

கடல் மணல் முழுவதையும் அள்ளி, எடுத்த கடற்கரையிலேயே கொண்டு கொட்டினோம். இப்போது தரைக்கடியில் சரளும் பிளாஸ்டிக் விரிப்பும் இருக்கின்றன. சுவரில் தரைமட்டத்துக்கு மேலே ஒரு வரிசைச் செங்கலைத் தடவைக்கு மூன்றடி நீளம் உருவினோம். அந்த இடத்தில் கான்கிரீட் பட்டை போட்டு இறுகவிட்டு, பிறகு அடுத்த மூன்றடிக்குப் போனோம். மொத்தமாக உருவினால் வீடு உட்கார்ந்துவிடும். முதல் மூன்றடியை உருவியபோது நான் செபமாலையோடு தெருவில் போய் நின்றேன். கப்பல் இன்ஜினில் எத்தனையோ பார்த்தவன், வீட்டைத் தாங்கும் செங்கலை எடுப்பதைப் பார்க்க முடியவில்லை. நேசக்குமார் உள்ளேயிருந்து, "பயப்படாதீங்க, வீடு நிக்கி" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பட்டையும் போட்டாயிற்று. இனிமேல் கீழேயிருந்து ஒரு சொட்டு ஏறாது என்கிறார் கொத்தனார். இருபத்து நாலாம் தேதி தாள் ஒட்டுகிறேன்.

அன்புடன்,
ஜெஸ்டின்


தெரேஸ்புரம்
26.5.2025

என் ஈவாவுக்கு,

இன்று காலையில் தாளைப் பிரித்தேன். உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது. பொட்டுப் பொட்டாக, தாள் முழுவதும்.

வன்னியபெருமாளும் ஆனியும் பக்கத்தில் இருந்தார்கள். பிறகு ஆனி, "தொடச்சிட்டு, காத்தாடியப் போட்டு வச்சிட்டு, புதுத் தாள் ஒட்டுவோமா ஐயா? நல்லா வரும்" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள், பாவம். துணியைக் கையில் எடுக்கவும் செய்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

சுவர் காயவில்லை, ஈவா. எப்போது காயும் என்று எனக்குத் தெரியாது. உன் முடிவு எதுவானாலும் நான் மனத்தாங்கல் படமாட்டேன். விடுதிக்கு உன் பெட்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் எழுது, நான் வந்து தூக்கித் தருகிறேன்.

ஜெஸ்டின்


நாசரேத்
29.5.2025

என் அன்புள்ள ஜெஸ்டினுக்கு,

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் உங்களைப் பேர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பார்கள்.

ஒன்பது அங்குலச் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அடுத்த பிப்ரவரி ஆகும். மார்ச்சில் உங்களுக்கு மே மாதக் கெடு வைத்தபோதே எனக்கு அது தெரியும். எந்தத் தாளை ஒட்டினாலும் தண்ணீர் கோத்திருக்கும் என்றும் தெரியும். பாவம், நீங்கள் செபமாலையோடு தெருவில் நின்றதை வாசித்தபோது சொல்லிவிடலாமா என்றுகூட வந்தது. சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

விடுதி ஒப்பந்தத் தாள் ஒரு வாரமாக மேஜையில் கிடந்தது. "காஞ்சிட்டு" என்று உங்களிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்று மத்தியானம் தபால்காரர் வந்தார். தயங்கித் தயங்கித்தான் உறையைப் பிரித்தேன். முதல் பத்தியை வாசித்ததும் அழுதேன். விடுதியில் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தம்பி தூத்துக்குடி வரை கூட வந்து விடுகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சுவர் காய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. நாம் இரண்டு பேருமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் ஈவா