நாற்பத்தோராவது மூட்டை

மஸ்கட்,
10.9.1997

பிரியமுள்ள சூடாமணிக்கு அநேக ஆசீர்வாதம்.

நம் வீட்டுக்குப் பிளான் கேட்டால் புத்தகமே எழுதி அனுப்பியிருக்கிறாய்! சூளையில் எரியும் விறகு, சிமெண்ட் ஆலையின் நிலக்கரி, லாரி டீசல், குடிபுகுந்தபின் ஐம்பது வருஷம் ஓடும் ஃபேன் எல்லாம் கூட்டினால்தான் ஒரு வீடு எவ்வளவு எரிக்கிறது என்று தெரியுமாம். சரி, நீ இன்ஜினியர். நானும் பதினைந்து வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவன்தானே. அதைக் குறைக்க நீ சொல்கிறபடி செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் பொள்ளல் விட்ட சுவரை நம்பி நான் எப்படித் தூங்குவேன்? ஒரு விரிசல் கண்டாலும் வேலையைக் காண்ட்ராக்டர் குற்றாலலிங்கத்திடம் கொடுத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
சுந்தரராமன்

வலியசாலை, திருவனந்தபுரம்,
2.12.1997

என் அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

கோபம் உங்கள் மேல் இல்லை, மேஸ்திரி இசக்கிப்பாண்டி மேல்தான். நம் வட்டியூர்க்காவு மனையில் சுவர் இடுப்பளவு எழும்புவதற்குள் சிமெண்ட் தீர்ந்துவிட்டது. சந்தேகப்பட்டு ஒரு கல்லை உருவினால், பொள்ளல் முழுக்கக் கலவை! நான் ஆபீசில் இருக்கும் நேரமெல்லாம் மனுஷர் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கேட்டால், "யம்மா, பொள்ளச் செவரு வச்சவன்னு பேரு வந்தா எங்க ஊருல ஒரு பய என்னய வேலைக்குக் கூப்புட மாட்டான். ஒங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்கிறார். திருட்டுக்கு நேர் எதிரான குற்றத்துக்கு என்ன தண்டனை தருவது?

ஈரம் காயாத வரிசைகளைப் பிரித்துக் கல்லைக் கழுவவைத்தேன். அவரையே பொள்ளலாக இரண்டு குட்டைச் சுவர் கட்டச் சொல்லி, நன்றாகக் காய்ந்தபின் மேலே பலகை போட்டு நாற்பது மணல் மூட்டை ஏற்றினோம். மூன்று நாளும் மேஸ்திரி குனிந்து குனிந்து விரிசல் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் தானே மேலே ஏறி நின்று குதித்தார்! இப்போது வீட்டுச் சுவர் பொள்ளலாகவே எழும்புகிறது. செங்கலில் நாலில் ஒரு பங்கு மிச்சம். குற்றாலலிங்கம் வேறு வேலை பார்க்கட்டும்.

உங்கள்,
சூடாமணி

மஸ்கட்,
20.5.1998

பிரியமுள்ள சூடாமணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். லீவில் இருந்தபோது வறட்டுக் கௌரவம் வாயைக் கட்டிப்போட்டது. கடல் தாண்டியபின் சொல்கிறேன். வெயில் கொளுத்தும் மேட மாசத்து மத்தியானத்தில் ஃபேன்கூடப் போடாமல் நம் வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினேன். உன் சுவருக்குள் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது, சூடா.

இங்கே கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பப்போகிறது. உன் மாதிரியே அதற்கும் பிறந்ததிலிருந்து இடிக்கிறவரை கணக்குப் போட்டு மீட்டிங்கில் வைத்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு காகிதம் கைமாறியது, சிரிப்பு நின்றது. மேற்குப் பக்கக் கண்ணாடியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்; இனி எல்லாக் கட்டடத்துக்கும் இந்தக் கணக்கு வேண்டுமாம். யாரிடம் கற்றாய் என்று பெரிய மேனேஜர் கேட்டார்.

"என் ஆத்துக்காரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷிலும் சொன்னேன்.

உன்,
சுந்தரராமன்