மனு போடுமுன் ஒரு விடுமுறை

நேற்றுச் சாயங்காலம் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவள் உடுப்பில் மருந்தும் சீழும் கலந்த வாடை. கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாடைக்கு உன் முகம்தான் வருகிறது, நண்பா.

நாம் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்கு மனு போடக் காத்திருந்த விடுமுறை. ஜப்பான்காரன் வந்தான், விடுமுறை முடியவே இல்லை. கூடப் படித்தவர்கள் ஜப்பான் பாஷை கற்று ஆபீசில் உட்கார்ந்தார்கள். நீயோ என்னையும் இழுத்துக்கொண்டு காஜா பெராங்கில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் ஒருவரிடம் போனாய். வீட்டுப் பின்கட்டில் அவர் புண் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தார். மரவள்ளிக்கிழங்கையே தின்று, கால் அழுகிய சனம் வாசல்வரை உட்கார்ந்திருந்தது.

முதல் நாளே இருவரும் வாழையடியில் வாந்தி எடுத்தோம். “டாக்டருங்களா, வாழைக்கு உரம் போட்டது போதும், உள்ள வாங்க,” என்றார் டிரசர்.

மறுநாள் நீ போனாய். நான் போகவில்லை. ஆனால் அங்கே சோப்பு இல்லாதது என் கண்ணில் பட்டிருந்தது. தேங்காயெண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சினேன். முதலில் வந்தது கட்டியாகாத குழம்பு, அதையும் விற்றேன். டிரசருக்காக வாங்க வரும்போதெல்லாம், இது சோப்பா கஞ்சியா என்று கேட்பாய். படிப்பை விட்டுவிட்டுப் புண் கழுவுகிறாயே என்று நான் கிண்டல் செய்தபோது மட்டும் நீ சிரிக்கவில்லை.

“வாடை தாங்குமான்னு பாக்காம மனு போடக்கூடாதுடா. பாஸ் பண்ணினப்புறம் தெரிஞ்சா தப்பிக்க வழியில்ல,” என்றாய்.

யுத்தம் ஓய்ந்து ஜப்பான்காரன் போனதும் இரண்டு மனுத்தாளோடு வந்தாய். என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தேன். மார்க்கு உனக்குத்தானே அதிகம் என்று கோபித்தாய்.

“மார்க்குக்கு மூக்கு கிடையாதுடா,” என்றேன்.

கல்லூரி நேர்முகத் தேர்வில், இத்தனை காலம் என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். புண் கழுவினேன் என்றாயாம். இடம் கிடைத்தது. போன வருஷம் உன் பாடையைத் தூக்கியபோது, மைல் கணக்கில் தள்ளியிருக்கும் கிளேபாங்கிலிருந்துகூட உன் நோயாளிகள் நடந்து வந்தார்கள்.

இப்போது என் மகளுக்கும் டாக்டர் ஆசை. விடுமுறைக்குக் கோலாலம்பூரில் டியூஷன் வைக்கச் சொன்னார்கள் அவள் ஆசிரியர்கள். நான் ஆஸ்பத்திரி வார்டில் கூடமாட வேலைக்குச் சொல்லி வைத்தேன். நேற்று முதல் நாள். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காகப் போவாள்.

இன்று காலையில் கடை திறக்கப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். தலை பின்னி, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். அலமாரித் தட்டிலிருந்து ஒரு சோப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“அங்க சோப்பே இல்லப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”