கலர் கேமராவில் விழுந்த படம்

கெலுபித் தோட்டம், பகாவ்
3.6.2023

யோவ் புவனேசு,

நீ சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்லா. டெலஸ்கோப்புல மாட்டக் கறுப்பு வெள்ளைக் கேமராவாம். அதுக்கு முன்னால செவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடின்னு மாத்தி மாத்தி வச்சு ஒரே வியாழன் கெரகத்த மூணு தடவ படம் புடிக்கணுமாம். நீ கண்ணாடி மாத்துறதுக்குள்ள அது சுத்தி முதுகக் காட்டிரும். எதிர்ல மட்டும் இருந்திருந்தேன்னு வை, உன் ஆறு பக்கக் கடுதாசியச் சுருட்டி வாயில திணிச்சு, மேல ஒரு குத்தும் விட்டுப் பல்லக் கையில குடுத்திருப்பேன். கெமாஸ்ல ஒளிஞ்சிருக்கறதால தப்பிச்ச.

போன்ல திட்டலாம்னா நீ ரயில் இஞ்சின்கிட்ட காதக் குடுத்துட்டு வந்தவன். ஆ, ஆங்கற. அதனாலதான் அஞ்சாங் கிளாஸ் தாண்டாதவன் பேனா புடிக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் மக விமலா குடுத்த மடிக் கம்ப்யூட்டரோட ஒத்துப் போகணும். அதுல வேகமான கேமரா மாட்ட நீல யூஎஸ்பி ஓட்டை ஒண்ணே ஒண்ணு இருக்கு. மத்த ஓட்டையில மாட்டுனா பாதிப் படம் வழியிலேயே சிந்திப் போயிருமாம். ஒரு நிமிசத்துல ஆயிரக்கணக்குல படம் கொட்டும், அதுல காத்து அசையாத நேரத்துல விழுந்தத மட்டும் பொறுக்கி அடுக்கணும். என் கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு இல்ல. பொறுக்குறது எப்பவும் போல நீலாய்ல என் மக வேலதான். நான் கலர்தான் வாங்கப் போறேன். ஒரு கண்ணுல புரை, மிச்சக் கண்ணாவது கலர் பாக்கட்டும்.

உன் மகன் ஹேமநாதன் எங்க தோட்டத்துக்கே ஆளு காண்ட்ராக் எடுத்திருக்கான். என் வீட்டத் தாண்டுறப்ப ஹார்ன் மட்டும் அடிக்கிறான், எறங்க மாட்டேங்கிறான். நீ வாங்கிக் குடுத்த மஞ்சச் சட்டையில பெரிய சைஸ் கோழிக்குஞ்சாட்டம் இருக்கான்னு சொல்லு.

குத்துடன்,
முனியாண்டி


கெமாஸ்
8.6.2023

அன்புள்ள முனியாண்டிக்கு,

உன் குத்து தபாலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. பல் ஒன்றும் போகவில்லை.

கலர் கேமராவில் ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் விழும். மிச்சத்தை அது யூகம் பண்ணி நிரப்பும். கறுப்பு வெள்ளை யூகம் பண்ணாது. உள்ளதை உள்ளபடி காட்டும். இதைப் பத்து வருடமாகச் சொல்கிறேன், நீ கேட்டதில்லை. போ, உன் இஷ்டம்.

இதை மட்டுமாவது கேள். வந்தவுடனே இரவில் கொண்டுபோய் மாட்டித் தடுமாறாதே. பகலிலேயே தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்து ஃபோகஸ் வைத்துக்கொண்டு, ஒரு ஐந்து நிமிடம் பதிவு செய்து பார். கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். உன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து செம்பனைப் பழத்தை லாரியில் ஏற்றும் மேடு தெரியுமே, அங்கே உள்ள விளக்குக் கம்பம் சரியாக இருக்கும்.

ஹேமாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். என் சட்டைக்கு அவன்தான் பித்தான் தைக்கிறான் என்றால் நம்புவாயா? ஆட்களிடம் அதிகம் சத்தம் போடுகிறான் என்று இங்கே யாரோ சொன்னார்கள். எனக்குக் காது கேட்காதது சில நேரம் நல்லது.

உன்
புவனேஸ்வரன்


கெலுபித் தோட்டம்
17.6.2023

புவனேசு,

கலர்தான் வாங்குனேன். உன்னக் கிண்டல் பண்ணி ரெண்டு பக்கம் எழுதணும்னு இருந்தேன். முடியல. இத எழுதவே ரெண்டு நாளாச்சு.

வியாழக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி. நீ சொன்ன மாதிரியே பழம் ஏத்துற மேட்டுக் கம்பத்தப் பாத்து வச்சேன். டெலஸ்கோப்புல எல்லாம் தலகீழாத்தான தெரியும். மேடு ஆகாசத்துல தொங்குது, லாரிச் சக்கரம் மேல இருக்கு. பதிவு ஓடுது, ஒரு படம்கூட சிந்தல. எனக்கு ஒரே சந்தோசம்.

நாலு பேரு தலகீழா வந்தானுங்க. நடுவுல ஒருத்தன். சுத்தி நின்னவனுங்க கையில கம்பு. தூரம், சத்தம் ஒண்ணும் வரல. கால் மேல, தல கீழ, குதிக்கிறானுங்க, வளையுறானுங்க. டான்ஸ் ஆடுறானுங்கன்னு நெனச்சு நான் சிரிச்சேன்யா. தனியா நின்னு சிரிச்சேன். அப்புறம் நடுவுல இருந்தவன் வாயிலேருந்து செவப்பா ஒண்ணு ஆகாசத்தப் பாத்து ஒழுகுச்சு.

கம்ப்யூட்டர அப்படியே தூக்கித் தலகீழாப் புடிச்சேன். அப்பதான் எல்லாம் நேரா வந்துச்சு. பழம் வெட்டுற அலுமினியக் கம்பு. விழுந்தவன் கைய மண்ணுல விரிச்சு வச்சு ஒருத்தன் பூட்ஸால மிதிச்சுக்கிட்டான். இன்னொருத்தன் விரலப் பாத்துப் பாத்து அடிச்சான். பதினோரு அடி. எனக்கு எண்ணுறதத் தவிர வேற ஒண்ணும் வரல. அடிச்சவன் போட்டிருந்தது மஞ்சச் சட்டை.

மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனேன். நான் சேர்றதுக்குள்ள போயிட்டானுங்க. கால்வாயில கெடந்தவன் ரஃபிக், உன் மகன்கிட்ட வேல செய்யிற பங்களாதேஷ் ஆளு. ஊருக்குப் போகணும், என் பாஸ்போர்ட்டக் குடுங்கன்னு கேட்டானாம், நெனவு தப்புறதுக்கு முன்னால முனகுனான். அவ்வளவுதான் கேட்டான். லாரிக்காரன் கூட சேந்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியெல்லாம் என் மடியில ரத்தம். போலீஸ்காரன் கேட்டப்ப, கெடந்தான், தூக்கிட்டு வந்தேன்னு மட்டும் சொன்னேன். உன் மூஞ்சிதான் முன்னால நின்னுச்சு.

நீ சொன்ன கறுப்பு வெள்ளைய வாங்கியிருந்தா எனக்குச் சந்தேகம்னு ஒண்ணாவது மிஞ்சியிருக்கும்.

முனியாண்டி


கெமாஸ்
20.6.2023

அன்புள்ள முனியாண்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அரை மைல் தூரம், சாயங்கால வெயில், காற்றில் அலை. முகம் எப்படித் தெரியும்? மஞ்சள் சட்டை இந்த மாநிலத்தில் யாரிடம் இல்லை, மாநிலக் குழுவின் பந்து விளையாட்டுப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் போடுகிறார்கள். உனக்கு ஒரு கண்ணில் புரை என்று நீயே எழுதினாய்.

ஹேமாவைக் கேட்டேன். அன்றைக்கு நீலாயில் இருந்தானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

நாற்பது வருடப் பழக்கத்துக்காக ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவை யாருக்கும் காட்டாதே. அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது, ஈரத்தில் கெட்டுவிடப் போகிறது. வரும் செவ்வாய்க்கிழமை நானே வருகிறேன். என் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு நீ சொல்கிறபடி.

உன்
புவனேஸ்வரன்


கெலுபித் தோட்டம்
22.6.2023

புவனேசு,

வா. ஈரம் படாது, கவலப்படாத. அடுப்படியில மைலோ டின்னு, அதுல பருப்புக்கு அடியில பென்டிரைவ பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிருக்கேன். பருப்பு கேக்க வர்ற எலியத் தவிர எவனுக்கும் தெரியாது.

செவ்வாக்கெழம வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். ரஃபிக்குக்கு இன்னும் நெனவு வரல. தெனம் போய்ப் பாத்துட்டு வர்றேன். நர்சு நான் அவனுக்கு யாருன்னு கேட்டுச்சு.

கோழி வாங்கி வைக்கிறேன். பல்லு செட்ட மறக்காமக் கொண்டா.

முனியாண்டி


சிரம்பான் ஆஸ்பத்திரி
1.7.2023

புவனேசு,

எதிர்ல உட்கார்ந்திருக்க. உனக்குக் காது இல்ல, எனக்குத் தாடையக் கம்பி போட்டுக் கட்டியாச்சு. நல்ல ஜோடிலா. நான் எழுத எழுத நீ அப்படியே படி.

உனக்குன்னு வச்சிருந்த குத்த உன் மகன் எனக்கே குடுத்துட்டான். நாலு பல்லு போச்சு.

செவ்வாக்கெழம உன்னத் தேடுனேன். திங்கக்கெழமையே உன் மகனோட சேத்து மூணு பேரு வந்தானுங்க. எதையும் தேடல. நேரா அடுப்படி, நேரா மைலோ டின்னு. பருப்பு தரையெல்லாம். கேமராவச் சுவத்துல அடிச்சான், கம்ப்யூட்டர மிதிச்சான், டெலஸ்கோப் கண்ணாடிய என் முழங்கால் மேல போட்டு ஒடச்சான். மாமா, மாமான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் அடிச்சான். வாயத் தொறக்காதீங்க மாமான்னு சொல்லித்தான் வாயில குத்துனான். மரியாதையான புள்ள, சின்ன வயசுல என் மோட்டார் டேங்க்ல உட்கார்ந்து வந்தவன்.

டின்னப் பத்தி நான் எழுதுனது உனக்கு மட்டும். அத நான் கேக்கப் போறதில்ல. தலையக் குனியாத, படி.

ரஃபிக் மேல் மாடியில இருக்கான். கண்ணத் தொறந்துட்டான். மூணு விரல எடுத்தாச்சு.

நீ ஒண்ணு மறந்துட்ட. நம்ம படமெல்லாம் பொறுக்குறது யாரு? அந்த வியாழக்கெழம ராத்திரியே விமலாவுக்கு அனுப்பிட்டேன். ஒரு வாரம் ஒக்காந்து பொறுக்கியிருக்கா. எல்லாம் அலையடிச்சுத்தான் கெடந்துச்சாம். ஒண்ணே ஒண்ணு காத்து அசையாத நேரத்துல விழுந்திருக்கு. கம்பு மேல தூக்கியிருக்கு, மூஞ்சி நம்ம பக்கம் திரும்பியிருக்கு. அப்படியே அவன் அம்மா ஜாடை.

எந்திரிக்காத. உட்காரு. அவ இன்னும் போலீஸ்ல குடுக்கல. நாலு மணி வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கேன், உனக்காகத்தான். அவன் கீழ கார்ல இருக்கான்னு எனக்குத் தெரியும். அதே ஹார்ன், இப்பவும் அடிக்கிறான், உனக்குத்தான் கேக்கல. நீயே அவன் கையப் புடிச்சு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ. நீ கூட்டிட்டுப் போனா

யோவ், கதவப் பாக்காத, பேப்பரப் பாரு. நானும் கூட வர்றேன், இந்த வாயோட. ரெண்டு பேருமா அவனுக்குப் பக்கத்துல

புவனேசு, போகாத, இன்னும் ஒரு வரி