ஆமையோடு போன அட்டை

கெயௌகஹா, ஹீலோ
மார்ச் 3, 2014

அன்புத் தங்கை ஹவுநானிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வரி மேலே ஏறினால் அது என் கை. கீழே இறங்கினால் மேசையின் கால். இந்தக் காகிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனால் எழுதுவது நானேதான், பக்கத்தில் யாரும் இல்லை.

உனக்கு இது தெரியாது. உன் அண்ணி நோஹியாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆறு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தேன், எழுத்து என் பக்கம் வரவே இல்லை. சர்க்கரை ஆலைக் கொதிகலனும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நோஹியா இருந்தவரை எல்லாவற்றையும் அவள் படித்துச் சொன்னாள். அவள் போன பிறகு, மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லியே பத்து வருஷம் ஓட்டினேன்.

போன வருஷம் நூலகத்து வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித் தருகிறவள் ஷிசுயே. நம் வயதுதான், வாய் மட்டும் பெரிது. "லோபகா, பென்சிலை ஈட்டி மாதிரி பிடிக்காத. அது என்ன மீனா, ஓடிப்போக?" என்பாள். இப்போது நான் பஸ்ஸில் எல்லாப் பலகையையும் சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போகிறார்கள்.

நீ லாஸ் வேகஸுக்குப் போன புதிதில் எழுதிய மூன்று கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தேன். முதல் கடிதத்தை இப்போது படித்து முடித்தேன். அங்கே அவ்வளவு வெயிலா? நாய்க்கு உடம்பு சரியில்லை என்கிறாயே, இப்போது தேவலையா? இரண்டாவதில் பாதிவரை வந்திருக்கிறேன். மூன்றாவதை இன்னும் தொடவில்லை, நல்லதைக் கடைசிக்கு வைப்பது என் வழக்கம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வேலை செய்கிற பட்டறையில் கண்ணாடி ஆமையோடு போகிற அச்சடித்த அட்டையை உள்ளே வைத்திருந்தாயே, சிவப்பு மையில் வட்டம் போட்டு. உன் ஊர்க் கடையில் நான் செய்த ஆமையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாய். அந்த அட்டையை என் வேலை மேசைக்கு மேலே, உயரத்தில் ஆணியடித்து ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி அனுப்புனது" என்பேன். அதில் உள்ள வளைந்து வளைந்து போகிற எழுத்து இன்னும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

ஏன் போன் நம்பரை மாற்றினாய்? எழுது. இப்போது நான் படிப்பேன்.

உன் அண்ணன்
லோபகா


லாஸ் வேகஸ்
மார்ச் 12, 2014

அண்ணா,

தபால்பெட்டியருகே வெயிலில் நின்றபடியே படித்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து மறுபடி படித்தேன். நாய் செத்து எட்டு வருஷம் ஆகிறது.

நீ பதில் போடாததற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். திமிர் என்று. அந்தக் காரணத்தை நம்பித்தான் போன் நம்பரை மாற்றினேன். மகள் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. "மாமா எங்கம்மா?" என்று அவள் கேட்டபோது, "செத்துட்டாருன்னு நினைச்சுக்கோ" என்றேன். இப்போது வந்து, படிக்கத் தெரியாது என்கிறாய். இத்தனை வருஷத்துக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? கிழட்டு முட்டாளே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனிலேயே கத்தியிருப்பேனே.

ஒன்று கேட்கிறேன். மூன்றாவது கடிதத்தைப் படிக்காதே. உங்கள் பட்டறை அடுப்பில் போட்டுவிடு. அது பெருமை என்று நினைத்தாய் இல்லையா, அப்படியே நினைத்துக்கொண்டு இரு. அட்டையையும் கழற்றி அதோடு போடு. ஏன் என்று கேட்காதே.

சாப்பிடுகிறாயா? டப்பா இறைச்சியும் சோறும்தானே தினமும்?

ஹவுநானி


கெயௌகஹா, ஹீலோ
மார்ச் 30, 2014

தங்கைக்கு,

நீ சொன்னபடி செய்யப் பார்த்தேன். கடிதத்தைக் கம்பியின் நுனியில் செருகி அடுப்பு வாயருகே கொண்டுபோனேன். ஓரம் பழுப்பேறியது. பட்டறைக்காரி மார்கோ பார்த்துவிட்டு, "என்ன லோபகா, இன்னைக்கு காகிதத்தை வறுக்கிறியா?" என்றாள். சட்டென்று இழுத்துவிட்டேன். வாழ்நாள் முழுதும் எல்லாக் காகிதத்தையும் படிக்காமல் விட்டவன் நான். இன்னும் ஒன்றை விட மனம் வரவில்லை.

படித்தேன். ஐந்து நாள் ஆனது. "அந்த அலை அவனை ஒருமுறை கொண்டுபோனது. நீ இரண்டாம் முறை, காசுக்காக" என்ற வரிக்கு மட்டும் ஒரு நாள். பிறகு முக்காலி போட்டு ஏறி, ஆணியில் இருந்த அட்டையையும் படித்தேன். உன் சிவப்பு வட்டத்துக்குள் நம் தம்பி சின்னவனின் பேர் இருந்தது.

ஹவுநானி, நான் மறக்கவில்லை. பெரிய அலை வந்த அந்த வருஷம், உனக்குப் பன்னிரண்டு, எனக்குப் பதினேழு, அவனுக்கு நாலு. உடம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் நம் வீட்டெதிரே பாறைக்குளத்தில் ஒரு ஆமைக்குட்டி வந்து தங்கியது. அப்பா நம்மை அங்கே நிறுத்தி, "வந்துட்டான் பாருங்க. ஒரு துடுப்பு குட்டையா இருக்கு, அடிபட்டு வந்திருக்கான். இவன் பேர் நம்ம நாலு பேர் வாயில மட்டும்தான் இருக்கணும். வெளியாள் கூப்பிட்டா யார்கிட்ட போறதுன்னு தெரியாம அலைவான்" என்றார். ஆமைதானே நம் குடும்பத்துக்குக் காவல், அதனால் வந்திருக்கிறான் என்றார். அம்மா சாகும்வரை அந்தப் பேரை வீட்டுக்கு வெளியே சொல்லவில்லை.

நான் சொன்னேன். நோஹியா போன மறு வருஷம் அது. நான் முதல்முதலாகத் தனியே செய்த ஆமை, துடுப்பை இடுக்கியால் இழுக்கும்போது கண்ணாடி ஆறிப்போய், இடது பக்கம் குட்டையாக நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் பேர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. "யார் அது?" என்றாள் மார்கோ. வீடு காலியாக இருந்த நாட்கள். பேச ஆள் கிடைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, நான் சொன்னதை எழுதிய ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சுப் பாரு லோபகா. உனக்குப் பிடிக்கலைன்னா ஆமைப் பெட்டியில போட மாட்டேன்" என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோஹியா ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று தெரியும், அவ்வளவு நேரம் நின்றேன். கண்ணை இப்படியும் அப்படியும் ஓட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் அந்த அட்டையை வைத்தது என் கைதான்.

நேற்று மார்கோவிடம் சொன்னேன்.

"நீ படிச்சியே! என் கண்ணு முன்னால படிச்ச!"

"படிக்கல. பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்ப ஒன்பது வருஷமா ஆர்டர் சீட்டு?"

"நீதான் எல்லாத்தையும் சத்தமா படிப்பியே. அதை வச்சுத்தான்."

அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, மிச்சமிருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். இருவருமாகத் தகர டின்னில் போட்டு எரித்தோம். அவள்மேல் தப்பு இல்லை. அவள் கேட்டாள், நான் தலையாட்டினேன்.

ஆனால் போன ஆமைகள் போனவைதான். எந்தெந்த வீட்டில் யார் யார் அவனைக் கூப்பிடுகிறார்களோ. உட்கார முடியவில்லை. தபால்காரர் பத்தரைக்கு வருவார், ஒன்பதிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் இருந்துவிடாதே.

லோபகா


லாஸ் வேகஸ்
ஏப்ரல் 11, 2014

அண்ணா,

படிக்காதே என்றேன், படித்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒன்றைச் சொல்லக் கூடாது.

"காசுக்காக" என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எரிக்கச் சொன்னேன். அட்டைக்காக இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. நீ அறியாமல் செய்தாய் என்பது அறிவுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

என்னிடமும் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே நம் ஊர் ஆட்கள் நடத்துகிற கடை ஒன்று உண்டு. உங்கள் ஆமை அங்கே எப்போது வந்தாலும் நான் போய் வாங்கிவிடுவேன். இன்னொருத்தி எடுத்துப் போய் அலமாரியில் வைத்து அவன் பேரைச் சொல்லக் கூடாது என்று. கடைக்காரன், "ஆன்ட்டி, உங்க வீட்டுல கடலே இருக்கும் போல" என்கிறான். பதினேழு ஆமை இருக்கிறது. துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். மகள் பார்த்தால் என்னை டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

ஒரு தடவை காலில் வலி, நாலு நாள் கழித்துப் போனேன். இரண்டு வந்ததில் ஒன்று போய்விட்டது. அந்த ஒன்று எங்கே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி ஆமையோடு என்ன அட்டை போகும்? அந்த அம்மாள் எழுத வேண்டாம். நீ எழுது. நீ எழுதி, அதிலும் அவனை இழுத்தால், இதுதான் என் கடைசிக் கடிதம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஹவுநானி


கெயௌகஹா, ஹீலோ
மே 2, 2014

தங்கைக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அட்டைதான் எழுதினேன். மார்கோ ஒரு கட்டு வெற்று அட்டையைத் தந்துவிட்டு, "நீ எழுது, நான் தொடல" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

முதலில் மற்ற கடைகளில் போட்டிருப்பதைப் படித்துப் பார்த்தேன். ஆமை வீட்டில் இருந்தால் ஆயுள், அதிர்ஷ்டம், அமைதி என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நோஹியாவோடு நாற்பது வருஷம் ஆமை பக்கத்திலேயே குடியிருந்தேன். அவள் ஆயுளை அது பார்த்துக்கொண்டதா? தெரியாததற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பிறகு, கடலில் எவ்வளவு தூரம் போனாலும் ஆமைக்குத் தான் பிறந்த மணலுக்கு வழி தெரியும் என்று எழுதினேன். அது உண்மைதான். எழுதி முடித்ததும் அதற்குள் சின்னவன் உட்கார்ந்திருந்தான். கிழித்துவிட்டேன். எது எழுதினாலும் அவன் வந்து நிற்கிறான். வேலையில் கை ஓடவில்லை, ஒரே வாரத்தில் நாலு ஆமை கழுத்தில் விரிசல் விட்டது. கண்ணாடி ஆறும் முன் அவசரமாக அடுப்பைத் திறந்தால் அப்படித்தான் ஆகும், தெரிந்தும் திறந்தேன்.

கடைசியில் இப்படி எழுதினேன்:

"இந்த ஆமையை ஹீலோவில் லோபகா செய்தான். இதற்குப் பேர் இல்லை. தயவுசெய்து நீங்களும் வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை தூசி தட்டவும்."

மார்கோ படித்துவிட்டு, "இதைப் பார்த்து எவன்டா வாங்குவான்?" என்றாள். அச்சுக்கு அனுப்பினாள். உன் ஊர்க் கடைக்கு மூன்று ஆமைகள் இந்த அட்டையோடு போன திங்கள் கிளம்பிவிட்டன.

சரியா, தப்பா? சொல்லிவிடு. எதுவும் சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

லோபகா


லாஸ் வேகஸ்
மே 19, 2014

அண்ணா,

பெட்டி வந்ததாகக் கடைக்காரன் சொன்னான். வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்றும் கண்ணாடி அலமாரியில் இருந்தன. எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றிருந்தார்கள். அவள் ஒன்றை எடுத்து அட்டையைப் படித்துச் சிரித்தாள்.

"பேர் வைக்கக் கூடாதாம்."

"அப்புறம் எப்படிக் கூப்பிடறது?"

"ஏன் கூப்பிடணும்? இது என்ன நாயா?"

"தூசி தட்டணுமாமே, அதை யார் செய்வாங்க?"

"நீங்கதான்."

கையிலிருந்து பிடுங்கிவிடுவேனோ என்று பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர்கள் காசு கொடுத்தார்கள். கடைக்காரன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். பெட்டியோடு அவர்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் கை இரண்டும் நிறைந்திருந்தது.

நான் கதவைத் திறந்து பிடித்தேன், அண்ணா. வெயிலில் அவர்கள் கார்வரை போவதைப் பார்த்தேன். மற்ற இரண்டையும் நான் வாங்கவில்லை.

கட்டிலுக்கடியில் இருந்தவற்றை எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். அட்டைகளைக் கிழித்தாயிற்று.

நீ நம் பாறைக்குளத்துப் பக்கம் போகாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும். போ. போய் அவனை ஒரு தடவை கூப்பிடு. இப்போது அந்தப் பேருக்கு நாம் இரண்டு பேர்தான்.

ஹவுநானி


கெயௌகஹா, ஹீலோ
மே 28, 2014

அன்புத் தங்கைக்கு,

வாசலிலேயே உன் கடிதத்தைப் படித்தேன். "கதவைத் திறந்து பிடித்தேன்" என்ற இடத்தில் தபால்காரரை நிறுத்தி அவருக்கும் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல சேதிதானே அங்கிள்?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச்சிலிருந்து குளத்துக்குப் போகவில்லைதான். எந்த முகத்தோடு போவது? ஞாயிற்றுக்கிழமை போனேன். போனால் அங்கே ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். வெளியாள் காதுபடக் கூப்பிட முடியுமா? பாறையில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அவன் நகர்கிறதாக இல்லை, எனக்கும் ஒரு பீர் கொடுத்தான்.

"யாருக்காக அங்கிள் காத்திருக்கீங்க?"

"வீட்டு ஆள் ஒருத்தன்."

"லேட் ஆக்குறாரே!"

"நான்தான்டா லேட்."

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவன் மூட்டை கட்டினான். கார் சத்தம் போகும்வரை பொறுத்திருந்து கூப்பிட்டேன். முதல் தடவை மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அப்பா குரல் மாதிரி கேட்டது, நானே திரும்பிப் பார்த்தேன். மழை கொட்டுகிறது. தண்ணீரில் ஒரு தலை எழுந்தது. கிட்டப் போய்த் துடுப்பைப் பார்க்கலாம் என்று கால் துடித்தது. போகவில்லை. உன் பேரையும் என் பேரையும் சொன்னேன், யார் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டுமே.

நனைந்ததில் தும்மல், விரலும் மடங்கவில்லை. அடுத்த வாரம் சளி இறங்கியதும் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி சொல்ல முக்கியமாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் எழுதுவேன்.

லோபகா