ஓரத்து இடம்

12 ஜூன் 2024, புதன்

அறுவை சிகிச்சை மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. லென்ஸ் தயார், அறை தயார். என் ரத்த அழுத்தம் மட்டும் தயாராக இல்லை. நூற்றெண்பதுக்கு மேல் காட்டும் உடம்பில் கத்தி வைக்க மாட்டார்களாம். நியாயம்தான். ஆனால் இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. வலது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் இரண்டு முறை இப்படித் தள்ளினால், புத்தக அலமாரியைத் தடவிப் பெருமூச்சு விடும் கிழவியாகிவிடுவேன். அந்த வேடம் எனக்குப் பொருந்தாது.

அந்தக் கண் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கும் மதிவதனி வயதில் சிறியவள், கேள்வி கூர்மை.

"ஏப்ரல் வரைக்கும் உங்க பிரஷர் ஒழுங்கா இருந்திருக்கு மேடம். ஏப்ரல்ல என்ன ஆச்சு?"

"ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை."

"ஒண்ணும் ஆகலைன்னா ஏன் தூக்கம் வரலை?"

மாத்திரையைத் தொடரச் சொன்னாள். அதோடு சேர்த்து ஒரு விநோத மருந்து: நான்கு நாள், தினமும் கால் மணி நேரம், அந்த விபத்தைப் பற்றி எழுத வேண்டும். நடந்ததை மட்டுமல்ல, மனத்தில் பட்டதையும். பிழை பார்க்க வேண்டாம், எவருக்கும் காட்ட வேண்டாம், பிறகு கிழித்துப் போடலாம்.

"இதற்கு ஆய்வு உண்டா?" என்றேன். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துப் பிழைத்தவள் வேறெதைக் கேட்பாள்?

"நிறைய இருக்கு மேடம். பலன் சின்னதுதான், எல்லாருக்கும் வராது. ஆனா செலவு ஒரு பேனாதானே."

பலன் சிறிது என்று ஒப்புக்கொள்ளும் மருத்துவரை நம்பலாம்.

13 ஜூன், வியாழன்

பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். "தாம்பரத்திலிருந்து படப்பை நோக்கி வந்த வாகனத்தை லாரி ஒன்று உரசியதால் அது இடப்புறம் கவிழ்ந்தது. பயணிகளில் ஒருவருக்குப் பலத்த காயம்." காவல் நிலையத்தில் கொடுத்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். இரண்டு பக்கத்தில் ஓரிடத்திலும் 'நான்' இல்லை. நடைக்கு முழு மதிப்பெண், விடைக்குப் பூஜ்யம். கிழித்தேன்.

14 ஜூன், வெள்ளி

'நான்' சேர்த்து எழுதினேன். நேற்றைவிட மோசமாக இருக்கிறது. முதலில் அப்படித்தான் இருக்கும் என்று மதிவதனி எச்சரித்திருந்தாள். எச்சரித்துவிட்டால் வலிக்காதா?

15 ஜூன், சனி

தாள் தேடி எழுந்தால் திரும்பி வந்து உட்கார மாட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஓரத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். முடிச்சூரில் ஒருத்தி ஏறினாள். நாற்பதைத் தாண்டியவள், நீலச் சீருடைப் புடவை, வாயில் வெற்றிலை. "இன்னாம்மா ஓரத்துல குந்திகினு கீற? நான் மணிமங்கலம் திரும்புற எடத்துல எறங்கிடுவேன். நீ உள்ள தள்ளு." இந்தத் தடத்தில் எழுதப்படாத சட்டம் அது: முதலில் இறங்குகிறவருக்கே ஓரம். முணுமுணுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். கைப்பையைக்கூட மடியில் சரியாக வைக்கவில்லை, அதற்குள் —

லாரி. ஆட்டோ சாஞ்சப்ப நான் அவ மேலதான் விழுந்தேன். அவ அடியில. வாயெல்லாம் சிவப்பு — வெத்தலையா ரத்தமான்னு தெரியலை. என்னைத் தூக்கி நிறுத்திட்டு, பாட்டிக்கு ஒண்ணும் ஆகலை, பாட்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னு கத்தறாங்க. அவளுக்கு என்னய்யா ஆச்சு? அதைச் சொல்ல ஒருத்தன் இல்லை.

கண்ணில் நீர். புரைதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன், பொய் என்று தெரிந்தே.

16 ஜூன், ஞாயிறு

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வலட்சுமி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை. தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள் என்று சொல்ல வந்தவள், நின்றபடியே தன் சூப்பர்வைசரைத் திட்டித் தீர்த்தாள். லைனில் அவள் கை மெஷினில் சிக்கப் பார்த்ததாம், சிக்கவில்லை. சிக்காத கைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"காயமே இல்ல மேடம், அதுக்கு என்னத்த எழுத? கை ஏன் உள்ள போச்சு? வழுக்கிட்டு. ஏன் வழுக்குச்சு? எண்ண. எண்ண ஏன் இருந்துச்சு? அஞ்சு தடவ ஏன் ஏன்னு கேட்டே உசிர வாங்குதாரு. ரெண்டு வயசுப் புள்ள தோத்துரும்."

"ஐந்தாவது ஏனுக்கு என்ன எழுதினாய்?"

"தொடைக்கத் துணி கேட்டோம், நீங்க தரலன்னு எழுதினேன். மூஞ்சியப் பாக்கணுமே!"

அவள் போனதும் அந்த முறையை நான் திருடிக்கொண்டேன்.

ஏன் தூக்கமில்லை? கண்ணை மூடினால் அந்த ஆட்டோ. ஏன் ஆட்டோ? பயம். — இல்லை, சாவுக்குப் பயப்படும் வயதைத் தாண்டிவிட்டேன். பிறகு ஏன்? என் இடத்தில் அவள் இருந்தாள். அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது? அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது ஆறாவது. கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

17 ஜூன், திங்கள்

தூங்கினேன். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் எழுப்பியது. முதன்முறையாக அதைத் திட்டவில்லை.

24 ஜூன், திங்கள்

அழுத்தம் நூற்றைம்பத்திரண்டு. மாத்திரை அதே. உப்பும் அதே, குறைத்ததாக மதிவதனியிடம் சொல்லியிருந்தாலும். புதிதாகச் சேர்ந்தது எழுத்து ஒன்றுதான். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை குப்பைக்குத்தான் போகும் என்று வகுப்பில் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு ஆள் நானாக இருக்கும்போது குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கத் தோன்றுகிறது.

"இன்னும் கொஞ்சம் எறங்கட்டும் மேடம். எழுத இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?" என்றாள்.

எழுத ஒன்றுமில்லை. கேட்க ஒன்று இருக்கிறது.

27 ஜூன், வியாழன்

படப்பை ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். அன்று ஓட்டிய நாகப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. "அன்று ஓரத்தில் இருந்த அந்தப் பெண்..." என்று தொடங்கினேன். வாக்கியங்களை முடிக்காமல் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. இன்று விட்டேன்.

"ரத்னாவா? அதுக்கின்னாம்மா! ஒடஞ்ச கைல பிளேட்டு வச்சிகினு, மணிமங்கலத்துல வூட்டாண்ட குந்திகினு போறவன் வர்றவனையெல்லாம் திட்டிகினு கீது. அத்த கேக்கவா நடந்து வந்த?"

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கித் தந்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

30 ஜூன், ஞாயிறு

நாகப்பனின் ஆட்டோவில் மணிமங்கலம். நடு இடத்தில், முன்கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

ரத்னா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானே என் மேல வுந்த கெழவி? ஒடம்பு பூரா எலும்பும்மா உனக்கு! லாரிக்காரன் மேல கேசு போட்டானுங்க, உம்மேல போட்டிருக்கணும்."

நான் தயாரித்துக்கொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன்: "நீ இடம் மாற்றாமல் இருந்திருந்தால், உடைந்தது என் கையாக இருந்திருக்கும்."

"ஐயே, நல்லா கீதே கதை! உனக்கோசரமா மாத்துனேன்? ஓரத்துல குந்துனாதான் காத்து வரும், வெத்தல துப்பலாம். சீக்கிரம் எறங்குறேன்னு சொன்னாதான் உன்ன மாதிரி ஆளுங்க நவுரும். அன்னிக்கு நானும் படப்பைக்குத்தான் போனேன்!"

இரண்டு மாதமாக என் ரத்தத்தைக் கொதிக்கவைத்த தியாகம் இதுதான்: வெற்றிலை துப்ப ஒரு பொய். நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ரத்னாவும் சிரித்தாள், உடனே கை வலிக்கிறதென்று என்னைத் திட்டினாள்.

9 ஜூலை, செவ்வாய்

அழுத்தம் நூற்றுமுப்பத்தாறு. நாளை கண்.

ரத்னா குணப்படுத்தினாள் என்று கதை கட்டலாம்; கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கமும் இறக்கமும் அதற்கு முன்பே, எழுதிய வாரத்தில் தொடங்கிவிட்டன. அழகுக்காக வரிசையை மாற்ற மாட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் நாகப்பனிடம் போயிருக்கவும் மாட்டேன்.

18 ஜூலை, வியாழன்

தாம்பரத்தில் கண் பரிசோதனை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடத்துக்கு ஷிஃப்ட் போகும் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் அடையாள அட்டை. ஓரத்தில் இருந்தவர், "உள்ள வாங்க பாட்டி, அதான் சேஃப்டி" என்றார்.

"நான் முடிச்சூரிலேயே இறங்கிவிடுவேன். நீங்கள் தள்ளிக்கொள்ளுங்கள்."

தள்ளிக்கொண்டார்.

முடிச்சூர் வந்தது, போயிற்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன், அடியில் சின்ன எழுத்தில் இருந்த தொலைபேசி எண் வரை. ரத்னா சொன்னது உண்மைதான். ஓரத்தில் காற்று நன்றாக வருகிறது.