காய்ச்சல் ஊசி என்று போட்ட நோட்டீஸ்

பாவூர்சத்திரம்

அன்பு மகள் வேல்விழிக்கு,

பெங்களூர் காலேஜில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, உன் அம்மாவுக்கு இன்னும் ஃப்ளூ தடுப்பூசி போடவில்லை. போன வருஷம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரமே ஃப்ளூ வந்து, இளைப்பு முற்றி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அதனால்தான் சந்தையிலேயே தடுப்பூசி முகாம் வேண்டும் என்று, இலவச முகாம்கள் நடத்துகிற அறக்கட்டளையின் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். வியாபாரிகள் சங்கம் இடம் தந்தது, கடையநல்லூர் ஜமாஅத் இரண்டு நர்சுகளை ஏற்பாடு செய்தது, ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் மருந்துக் குளிர்பெட்டி என் பொறுப்பு. நோட்டீஸில் பதினான்கு பேர் பெயர், ஆனால் மூட்டை தூக்குகிற ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தலைப்பு என்ன தெரியுமா, "இலவசக் காய்ச்சல் ஊசி". வந்தது யார்? காய்ச்சல்காரர்கள்! உடம்பு கொதிக்க வந்து நின்றவர்களை, குணமான பிறகு வாருங்கள் என்று நர்ஸ் அனுப்ப, காய்ச்சலுக்கு ஊசி என்று கூப்பிட்டுவிட்டு விரட்டுகிறீர்களா என்று ஒரே சண்டை. போட்டுக்கொள்ள வேண்டியவர்களோ, "நமக்கு எங்கல அடிக்குது காய்ச்சல்" என்று தக்காளிப் பெட்டி இறக்கப் போய்விட்டார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாள். நான் சத்தம் போட்டேன். "பெட்டி சூடாயிருச்சான்னு பத்து தடவ பாத்திய, பொண்டாட்டி போட்டாளான்னு ஒரு தடவ கேட்டியளா" என்றாள். அந்த நோட்டீஸை நானும்தான் அச்சுக்கு முன்னால் படித்தேன்.

இதில் அறக்கட்டளை மேலாளர், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை எழுதுகிறார். யாருக்கு இல்லை? மீதி நோட்டீஸ் ஆயிரம் கிடக்கிறதாம், வெள்ளிக்கிழமை அடுத்த முகாமுக்கும் அதையே ஒட்டலாமாம். எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் ரத்தக்கொதிப்பு வரவைத்துவிடுவார்கள். சுமைதூக்குவோர் தலைவர் மாடன் அண்ணாச்சியை நேரே மேலாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "சார், காய்ச்ச வந்தவனுக்கு மாத்திர, வராதவனுக்கு ஊசி. இத எழுத பதினாலு பேரா? பத்து மணிக்குக் கூப்பிட்டா எவன் வருவான், லோடு எறக்கி முடிக்கவே பதினொண்ணு ஆவுது" என்றார் அண்ணாச்சி. மேலாளர் நேரத்தை மாற்றி எழுதிக்கொண்டார். ஆகவே வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, சரக்கு இறக்கும் கொட்டகையிலேயே முகாம். நோட்டீஸ் கிடையாது, டெம்போவில் மைக், பேசுவது அண்ணாச்சி.

இனி விஷயம் உன்னிடம் நிற்கிறது. உனக்கும் அம்மாவின் இளைப்புதான். ஊசி போட்டுக்கொள் என்றால் மூன்று மாதமாக நாளை நாளை என்கிறாய். "அவ போட்டேன்னு போன் பண்ணட்டும், நான் கைய நீட்டுதேன்" என்று சொல்லிவிட்டாள் உன் அம்மா. ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் ஆகும், சாரல் அதுவரை காத்திருக்காது. வேளைக்குச் சாப்பிடு, மழையில் அலையாதே. நீ நீண்ட ஆயுளோடு, மூச்சுத் திணறல் இல்லாமல் வாழவேண்டும் என்று உன் அப்பா கும்பிடுகிறேன். வியாழக்கிழமைக்குள் போன் வரவேண்டும்.

அன்புடன் அப்பா,
விஜய்பாண்டி